பட்டாணிக்கு ஏழாம் வாய்ப்பாடு

பத்தொன்பது நாளாகியும் பட்டாணிக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துத் தாங்களும் படிக்கட்டும் என்று, ஒன்றும் தெரியாமல் அனுப்பப்பட்ட எந்திர மாணவன் அது. இன்றும் அது தேறாவிட்டால் சகாயமேரி டீச்சருக்குக் கோடை விடுமுறை முழுக்கப் பயிற்சி வகுப்பு.

சோதிக்க வந்த அதிகாரி கேட்டார்: "எட்டு ஏழு எவ்வளவு?"

"அம்பத்தி நாலு," என்றது பட்டாணி. வகுப்பே கைதட்டியது.

"யாரும்மா இதுக்குச் சொல்லிக்குடுத்தது?"

முன்வரிசை அஃப்ரின் பெருமையாக எழுந்தாள். "நான்தான் சார்."

"சரி, நீ சொல்லு. எட்டு ஏழு?"

"அம்பத்தாறு!" என்று மொத்த வகுப்பும் கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

"அடிப்பாவி, அப்புறம் ஏண்டி அதுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்தே?" என்றார் டீச்சர்.

அஃப்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாஸாயிட்டா வேற ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கல்ல டீச்சர்?"

எல்லோரும் பட்டாணியைப் பார்த்தார்கள். அது தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கும் ரெண்டாம் நாளே தெரியும் டீச்சர்," என்றது. "அம்பத்தாறு."