மாமனாருக்கு நாலாவது டெஸ்ட்

"மெஷினையே ஏமாத்துற ரத்தம் உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இருக்கு, மாப்பிள்ளை" என்றார் மாமனார், பூட்டிய அறைக்குள்ளிருந்து.

"மெஷின் ஏமாறாது மாமா. டெங்கு, கொரோனா, கல்லீரல் கிருமி, மூணும் பாசிட்டிவ்" என்றார் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் மாப்பிள்ளை. "பேத்தியை நீங்க தொடவே கூடாது."

"பொறந்த பிள்ளையை இன்னும் கண்ணால பார்க்கலய்யா. மூணு நோய்க்காரன் இப்படித் தொண்டை கிழியக் கத்துவானா? ஆயுசு பூரா ஆராய்ச்சிக்கூடத்துல எலி வளர்த்தவன் நான். என்னைக் கடிக்காத எலியே கிடையாது. அதனால எலின்னாலே என் ரத்தத்துக்கு ஜென்மப் பகை. உங்க டெஸ்ட் மருந்து எலியிலிருந்து எடுத்ததுதானே? அதைக் கண்டதும் பாய்ஞ்சு பிடிச்சுக்குது. மெஷின் அதை நோய்னு நினைச்சுக்குது."

"நல்லா விடுறீங்க மாமா."

"அப்ப அதே ரத்தத்துல நான் சொல்ற இன்னொரு டெஸ்ட்டையும் போடுங்க."

கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்ட மாப்பிள்ளை, தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் திரும்பியவர் பூட்டைத் திறந்தார். குழந்தையைத் தூக்கிவந்து மாமனார் மடியில் வைத்தார்.

"அப்பாவுக்கு நோய் இல்லையா?" என்று பதறினாள் மனைவி.

"எலியிலிருந்து எடுத்த மருந்து இல்லாத வேற முறையில பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை."

"அப்படிப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார்.

"மெஷின் ஏமாந்துதான் போச்சு, ஒத்துக்கறேன். அதோட கணக்குப்படி உங்கப்பா இப்ப மாசமா இருக்கார்."