கபீலின் அளவுச் சட்டை

குவைத்தின் மங்காஃப் அறையின் ஒரே சன்னலில் மாலை வெயில் தூசியோடு நுழைகிறது. முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடும் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா இல்லாமல், விரித்த செய்தித்தாளில் கிடக்கிறது. விசா தந்த கபீலுக்கு அதன் பின்கட்டை நீளம். தூக்கினால் கக்கத்தில் இடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்தால்தான் தச்சன் மகேசனின் லீவுக் கடிதத்தில் கையெழுத்து விழும். டியூட்டி முடிந்து வந்த களைப்பிலேயே மூன்று விரல் அளவு அறுத்துவிட்டு ரம்பத்தைக் கீழே வைக்கிறான்.

"கட்டை முழங்கை மடிப்பில முட்டினால், விரல் விசையில படவேணும். அவ்வளவுதான் கணக்கு," என்று மனைவி சிவமலருக்கு விளக்குகிறான். கபீலின் கையை அளக்க யாருக்குத் துணிவு? அவள் இஸ்திரி போடக் கொண்டுவந்த அவருடைய அங்கியின் கைதான் அளவு.

சிவமலர் அந்தக் கையின் உள்தையலைத் திருப்பிப் பார்க்கிறாள். "இஞ்சேருங்கோ, தொழமுன் கை கழுவேக்க நனையுதெண்டு போன மாசம் இதை ரெண்டு விரல் மடிச்சுத் தைச்சது நானெல்லோ."

அப்படியென்றால் கட்டை இரண்டு விரல் கூடுதலாக அறுபட்டுவிட்டது. மகேசன் மெல்ல எழுந்து வாசலில் கிடந்த தன் ரப்பர்ச் செருப்புகளைக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டையின் முனையில் வைத்துப் பார்க்கிறான். இரண்டு விரல்.

"சுடேக்க தோளில உதைக்காது. மெத்தெண்டு இருக்கும்."

"அப்ப நாளைக்கு டியூட்டிக்கு?"

அவன் செருப்பில் பென்சிலால் கோடு போடுகிறான்.