சனிக்கிழமைச் சூடு

"சூடா இருந்தா கிளம்பாது, ஆறினா தானாக் கிளம்பும். இது என்னா நோயிங்க அண்ணே?"

டிரைவர் மாயாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அட்டனில் கார் பழுது பார்க்கும் வியாகுலத்துக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டான்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய கறுப்புக் கார் அது. டாக்டர் இராமையா தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தோட்டத்துத் துரை கொடுத்திருந்தார். மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஒரே கதை. மேல் டிவிஷனுக்கு ஏறும் வழியில், ஊற்று வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்கள். பிறகு ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

"முன்னால கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுத்தலாமே?"

"கைப்பிடி காணாமப் போயே மூணு மாசமாச்சுங்க."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க!" முக்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டர் சீறினார். "இந்த டப்பாவால என் மானம் போகுது. அந்த வளைவுல நின்னாலே துரைக்குக் கோவம்."

துரையின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வேலைநிறுத்தத்தில் பேர் வெட்டப்பட்டு வேலை இழந்த இருபது குடும்பங்கள், வளைவுக்குக் கீழே ஒரு பழைய லயத்தில் வழக்கு முடியட்டும் என்று காத்துக் கிடந்தன. தோட்டத்து மருந்து அவர்களுக்குக் கிடையாது. தோட்டத்து ஆள் யாரும் அங்கே போகவும் கூடாது.

வியாகுலம் தலையை வெளியே எடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"புடிச்சிட்டேங்க! புகைக்குழாய் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டியே போகுது. ஓடும்போது காத்துப் படும். நிறுத்தினா, அவ்வளவு சூடும் மோட்டாருக்குள்ள எறங்கிருது. உள்ள இருக்கிற செப்புக் கம்பி கொதிச்சா கரண்டு சரியா ஓடாது. அப்புறம் எங்க சுத்துறது? நடுவுல ஒரு தகரம் வச்சாச் சரியாப் போயிரும்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "வெறும் தகரமா? இதுக்கா இந்தப் பாடு?"

"நாலு போல்ட்டுல ஒரு தகரங்க. அவ்வளவுதான்."

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளைத்து, கல்நார் அட்டை ஒட்டி, நாலு போல்ட்டை முடுக்கினான். காரை மலையேற்றிக் கொதிக்கவிட்டு ஏழு தடவை நிறுத்தினான். ஏழு தடவையும் தொட்டதும் கிளம்பியது.

பத்து நாள் கழித்து மாயாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் துரையின் துண்டுச் சீட்டு.

"சனிக்கிழமை திரும்பவும் நின்னுருச்சு அண்ணே. இது கார்க் கோளாறா, ஆள் கோளாறான்னு நீங்க எழுதித் தரணுமாம். ஆள் கோளாறுன்னா எனக்கு வேலை போயிரும்."

வியாகுலத்துக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. தகரம் இருக்கும்போது எப்படி நிற்கும்?

அடுத்த சனிக்கிழமை அவனே தோட்டத்துக்குப் போனான். பானெட்டில் கை வைத்ததுமே டாக்டர் அதட்டினார். "அதெல்லாம் நின்னா பாத்துக்கலாம். நேரமாச்சு, ஏறுங்க!"

ஊற்று வளைவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மாயாண்டி பட்டனை அழுத்தினான்.

'டக்.'

"பாத்தீங்களா? பாத்தீங்களா உங்க லட்சணத்தை!" டாக்டர் கதவை அறைந்து சாத்தி இறங்கினார்.

அதற்குள் கீழே இருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்த வேலாயியின் தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. மாயாண்டியைப் பார்த்ததும், "அண்ணே, புள்ள கண்ணே தொறக்கல" என்று அழுதாள். அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி அவள்.

"இந்தா பாருங்க, நான் உங்களைப் பார்க்க வரல. கார் நின்னு போச்சு, அதான் நிக்கிறேன்," என்று டாக்டர் எரிந்து விழுந்தார். ஆனால் கை, குழந்தையை வாங்கிப் பின் சீட்டில் கிடத்தியது. "சும்மா நிக்கிற நேரத்துக்குப் பாக்கிறேன். வரிசையா வாங்க."

வியாகுலம் பானெட்டைத் திறந்தான். தகரத்தைக் காணோம். பிய்ந்து விழவில்லை. நாலு போல்ட்டையும் யாரோ பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள்.

மாயாண்டியைப் பார்த்தான். அவன் வாளியோடு ஊற்றடியில் நின்று, தங்கச்சி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாகுலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதை எழுதினால் ஒரு மனுசனின் பிழைப்புப் போகும். எழுதாமல் விட்டால் துரை இன்னொரு மெக்கானிக்கை அனுப்புவார், அவனும் கண்டுபிடிப்பான்.

குழந்தை மருந்தை விழுங்கிவிட்டுச் சிணுங்கியது. கடைசி ஆளும் இறங்கிப் போனபின் வியாகுலம் டாக்டரின் பக்கத்தில் போனான்.

"கார்க் கோளாறுதாங்க ஐயா, அப்படியே எழுதித் தர்றேன். ஆனா தகரத்தை இந்தத் தடவை ரிவெட் அடிச்சு வச்சிர்றேன். யாரும் கை வைக்க முடியாது. மாயாண்டி வேலையும் தப்பிச்சுக்கும்."

டாக்டர் ஊற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் காதோடு சொன்னார்.

"பாவம், அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. பழைய கார், இந்தச் சூடு தீராதுன்னு எழுது. ரிவெட் மட்டும் வேண்டாம். நாலு போல்ட்டைக் கழட்டவே எனக்குக் காலையில அரை மணி ஆகுது!"