ஊருக்கு இன்னொரு பேர்

தென்னூர் திருமணத் தகவல் மையத்தில், கனிஷ்காவின் மேஜை முன் வந்து உட்கார்ந்தார் ஸ்ரீரங்கத்துக் கோதைநாயகி மாமி.

“என் பிள்ளை ஹ்ருஷிகேஷ் பதிஞ்சு ஒரு வருஷம் ஆயிடுத்தும்மா. ஒரு ஜாதகம்கூட வரலையே?”

மேனேஜர் இளவரசன் எழுந்து வந்தார். “ஸ்ரீரங்கம் பையன்களை எப்படிப் பிரிக்கிறீங்க, கனிஷ்கா?”

“ஊர்ப் பேரை ஆளுக்கொரு மாதிரி எழுதுறாங்க சார். அதையெல்லாம் ஒரு பட்டியலாப் போட்டிருக்கேன். அதுல இருக்கிற பேர் உள்ள வரிகளை மட்டும் கம்ப்யூட்டர் எடுக்கும். அந்த விவரம்தான் பெண் வீட்டுக்குப் போகும்.”

“இவங்க பிள்ளை ‘திருவரங்கம்’னு எழுதியிருக்காரே! அது பட்டியல்ல இல்லையே?”

“விட்டுப்போச்சு சார்.”

மேனேஜர் கண்ணெதிரே அந்தப் பெயரையும் சேர்த்தாள்.

“நன்னா இரும்மா. உனக்கு எந்த ஊர்?”

“துறையூருங்க.”

“உனக்கும் நல்ல இடமா அமையட்டும்,” என்று வாழ்த்திவிட்டு மாமி கிளம்பினார்.

மாடிப்படியில் நின்று கனிஷ்கா போன் செய்தாள்.

“அம்மா வந்தாளா?” என்றான் ஹ்ருஷிகேஷ்.

“வந்தாங்க. திருவரங்கத்தையும் சேர்த்தாச்சு.”

“நீ சொன்னபடி அப்படி எழுதினதாலதான் ஒரு வருஷம் தப்பிச்சேன். இனி வேற எப்படி எழுதறது?”



“உங்க ஊருக்கு வேற பேர் இல்லைங்க. இனிமே வீட்டுல என் பேரைத்தான் சொல்லணும்.”