சுவரில் ஒட்டிய கண்ணாடி

மருமகளின் கண் கூடத்துச் சுவரை விட்டு அகல மறுக்கிறது. நகரத்தின் இந்தப் பழைய தெருவில், அந்த ஒற்றைச் சுவரில்தான் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இரண்டு வீடுகள் முதுகோடு முதுகு சாய்ந்து நின்றன. பக்கத்து வீட்டை விற்றுவிட்டார்கள், காலையிலிருந்து இடிக்கிறார்கள். சம்மட்டி விழும்போதெல்லாம் விட்டத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து, ஜன்னல் வெயிலில் மினுங்கிக்கொண்டே இறங்குகிறது. சுவரின் விரிசலுக்குக் குறுக்கே கொத்தனார் விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருக்கிறார். "இது உடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். அப்புறம் எதையும் எடுக்க நிக்காதீங்கம்மா, ஓடிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவளுக்கு அடுப்படிகூட மறந்துபோயிற்று. ஈயை முறைக்கும் பல்லி மாதிரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சம்மட்டி சட்டென்று நிற்கிறது. காதை அடைக்கும் அமைதி. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விடும்போது, உள்ளறையில் மதியத் தூக்கம் கலைந்த மாமனார் கதவை உலுக்குகிறார். "ஏம்மா, நான் உள்ள இருக்கிறது தெரியாம வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டியா?" அவள் திரும்பிப் பார்க்கிறாள். தாழ்ப்பாள் திறந்தேதான் கிடக்கிறது. நிலையின் மேல்கட்டை சரிந்து, கதவின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மறுபடியும் சம்மட்டிச் சத்தம் தொடங்குகிறது.