வெப்பக்கோடும் உப்புக்கோடும்

கணினித் திரையில் ஒரே வரைபடத்துக்குள் இரண்டு கோடுகள் குடியிருந்தன. இரண்டும் கடலின் மேற்பரப்பில் தொடங்கி அடிவரை இறங்குபவை. சிவப்புக்கோடு தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும். நீலக்கோடு உப்பைச் சொல்லும்.

சிவப்புக்கு நீலத்தின் மேல் உயிர். மேலே இரண்டும் கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆழம் கூடக் கூடத் தண்ணீர் குளிர்ந்தது. குளிரக் குளிரச் சிவப்பு இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. நீலமோ வலது ஓரத்தில் விறைத்து நின்றது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் சாயேன்,” என்று சிவப்பு கெஞ்சும்.

“எப்படிச் சாய்றது? உப்பு அவ்வளவா மாறலியே,” என்னும் நீலம்.

ஒருநாள் வரைபடம் போடும் மெர்லின், ‘இப்படி நேராக நின்றால் உப்பின் ஏற்ற இறக்கமே தெரியவில்லையே’ என்று நீலத்துக்குத் தனியாக ஓர் அளவுகோல் வைத்தாள். உடனே நீலம் வளைந்து நெளிந்து வந்து, நடு ஆழத்தில் சிவப்பின் மேல் விழுந்தது.

“வந்துட்டியா!” என்றது சிவப்பு.

“நான் எங்க வந்தேன்? அளவுகோலை மாத்தினாங்க, அவ்வளவுதான். மறுபடி மாத்தினா இங்க இருக்க மாட்டேன்.”

“அப்ப நாம நெஜமா சேர்ந்து இருந்ததே இல்லையா?”

நீலம் ஆச்சரியத்தோடு பார்த்தது. “கடல்ல நீ வெப்பமாவும் நான் உப்பாவும் இருந்தப்ப, மேலேருந்து அடிவரைக்கும் ஒவ்வொரு துளியிலயும் நீயும் நானும் ஒண்ணாத்தானே இருந்தோம்?”

சிவப்பு யோசித்து யோசித்துப் பார்த்தது. கடல் நினைவிருந்தது. இருட்டு நினைவிருந்தது, குளிரும்கூட. பக்கத்தில் யாரோ இருந்தது மட்டும் நினைவில்லை.