டிக்கெட்டில் முதல் பெயர்

"டிக்கெட்ல முதல் பேரு அவங்க பேரு. எனக்கு ரெண்டாவது இடம். பார்த்தீங்களா?"

ஜோதிலட்சுமி செல்போனைக் கணவர் ரகுபதியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"புக் பண்ணவங்க பேரை முதல்ல போட்டிருப்பாங்க. இதுல என்ன இருக்கு?"

இருந்தது.

டெல்லியில் மருமகள் ஷண்முகப்ரியாவுக்கு வளைகாப்பு. சம்பந்தியம்மாக்கள் இருவரும் முன்னதாகப் போய் ஏற்பாடுகளைக் கவனிப்பது என்று பேச்சு. இருவருக்கும் டிக்கெட் போட்டது பெண்ணைப் பெற்ற சூடாமணி. அடையாறு வீட்டில் உட்கார்ந்தபடியே, போனில்.

மகன் சித்தார்த்தன் அதை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

"அத்தை கில்லாடிம்மா! ஒரு வாரமா தேடித் தேடி, செவ்வாய்க்கிழமை மத்தியான ஃப்ளைட்டா புடிச்சிருக்காங்க. சாப்பாடு, லக்கேஜ் எல்லாம் டிக்கெட்லயே சேர்த்தி. ஆனா விலை, தண்ணிக்குக்கூட காசு கேப்பானே, அந்த ஃப்ளைட் விலைதான். எனக்கே இந்த வித்தை தெரியாது."

இத்தனை வருடம் வடித்துக் கொட்டியவளை அவன் ஒரு நாளும் கில்லாடி என்றதில்லை.

"ப்ரியா எப்படிடா இருக்கா?" என்று பேச்சை மாற்றினாள்.

"எதுவும் இறங்கல. அவங்க அம்மா போடற நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தா மோர்சாதம் சாப்பிடுவாளாம்."

அங்கேயும் அவங்க அம்மா.

மறுநாளே ஜோதிலட்சுமி மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போய் நார்த்தங்காய் வாங்கினாள். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, ஊறுவதற்குப் போதும். நாலு பாட்டில் ஊறுகாயோடு நின்றதா? முறுக்கு, அதிரசம், வடகம், இட்லி அரிசி, அதை அரைக்க ஒரு கிரைண்டர்.

"டெல்லியில இட்லி அரிசி கிடைக்காதா?" என்றார் ரகுபதி.

"கிடைக்கும். நான் கொண்டு போனதுன்னு ஆகுமா?"

கிளம்பும் நாளன்று மந்தைவெளிக்கு வந்த கார் டிரைவர், எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, வூட்டையே காலி பண்ணிக்கினு போறீங்களா?"

ஜோதிலட்சுமிக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அடையாறில் சூடாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். காலடியில் ஒரு சின்ன சூட்கேஸ், தோளில் ஒரு பை. சூட்கேஸை வைப்பதற்காக டிரைவர் டிக்கியைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. கிரைண்டர் பெட்டியின் கயிற்றைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெட்டியை.

"இவ்வளவும் கொண்டு போறோமா, சம்பந்தியம்மா?"

"பின்னே? நாலு பாட்டில் நார்த்தங்காயே இருக்கு. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணாச்சே."

சூடாமணி தன் சூட்கேஸைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்."

சூட்கேஸோடு உள்ளே போனவள், அது இல்லாமல் திரும்பி வந்தாள். தோள்பை மட்டும் முன்பைவிடப் புடைத்திருந்தது.

கார் கிளம்பியது. ஜோதிலட்சுமியால் சும்மா இருக்க முடியவில்லை.

"தாய்வீட்டு சீர் அந்தப் பைக்குள்ளேயே அடங்கிடுச்சா?"

"வளையல் இருக்கு. மாடவீதியில வாங்கினேன். மாத்துத் துணி ரெண்டு."

"அதுவும் சரிதான். டிக்கெட் போட்டதே பெரிய சீராச்சே!"

சூடாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் சாமானைப் பார்த்ததும் தன்னுடையது அற்பமாகத் தெரிந்திருக்கும். அதான் உள்ளே கொண்டுபோய் ஒளித்துவிட்டாள். ஜோதிலட்சுமிக்கு ஒரு மாதத்தில் முதல் முறையாக மனசு குளிர்ந்தது.

விமான நிலையத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. கவுன்டரில் இருந்த பெண் எடையைக் கூட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தொன்பதரை கிலோ. சரியா இருக்கு மேடம்."

"பெரிய கம்பெனின்னா தாராள மனசு!" என்றாள் ஜோதிலட்சுமி.

"இல்ல மேடம், ஒருத்தருக்கு இருபது கிலோதான். ஒரே புக்கிங்ல வந்திருக்கீங்க, அதனால இவங்களோட இருபதையும் உங்களுக்கே சேர்த்துட்டேன்." அந்தப் பெண் சூடாமணியைப் பார்த்தாள். "உங்களுக்கு இனிமே எதுவும் போட முடியாது, பரவாயில்லையா? கைப்பையில ஊறுகாய், எண்ணெய் எதுவும் இல்லையே? மேலே எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க."

"தெரியும்மா. அப்படி எதுவும் இல்ல."

பெட்டிகள் ஆடி ஆடி உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஜோதிலட்சுமி அவற்றையே பார்த்தபடி நின்றாள். நிமிர்ந்து சம்பந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சூடாமணியின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

"சொல்லு ப்ரியா. பெட்டியெல்லாம் போட்டாச்சுடி... என்ன, ஊறுகாயா?"

சூடாமணி தோள்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஐயோ, எடுத்து வெச்சேன், கிளம்பற அவசரத்துல மறந்துட்டு வந்துட்டேன் கண்ணு... சீ, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? உங்க அத்தை உனக்குன்னே நாலு பாட்டில் போட்டுக் கொண்டு வர்றாங்கடி. அவங்க கைப்பக்குவம் எனக்கு வருமா?"